ஜெனரேட்டர் கிளம்பவில்லையா? கயிற்றை விடுங்கள், பெட்ரோலைப் பாருங்கள்

2024 நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்துகொண்டிருந்தபோது கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் மின்சாரம் போனது. 2011-இல் தானே புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் இருட்டில் கிடந்த கசப்பில் வாங்கிய சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் மாடிப்படிக்கு அடியில் தயாராகத்தான் இருந்தது. டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல். கயிற்றை முப்பது தடவையாவது இழுத்திருப்பேன். தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். மறுநாள் மாலைதான் அது ஓடியது.

கையால் கயிறு இழுத்துக் கிளப்பும் ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டீசல் வண்டிக்கு இது பொருந்தாது.

முதலில் ஆயில்

சுவிட்ச் ஆன், பெட்ரோல் டேப் திறப்பு, எஞ்சின் ஆறியிருந்தால் சோக் மூடல். இவை எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது ஆயில் சென்சார். ஆயில் குறைந்தால் பல ஜெனரேட்டர்களில் இது தீப்பொறியையே நிறுத்திவிடும். ஆயில் சரியாக இருந்தாலும் சரிவான இடத்தில் வைத்தால் சென்சார் ஏமாந்துபோகும். எங்கள் வாசல் சரிவு. மழைநீர் ஓடுவதற்காகக் கட்டியது. சமதளத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

மழை பெய்கிறதே என்று வராந்தாவிலோ ஜன்னல் ஓரத்திலோ வைத்து ஓட்டாதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். மழை விடும்வரை இருட்டில் இருப்பது மேல்.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

பத்துத் தடவை இழுத்த கையோடு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் ஏதோ ஒன்று வந்திருக்கிறது. அந்த "ஏதோ ஒன்று" பெட்ரோல்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் முழுக்க வீணானது அதனால்தான்.

பிளக்கின் கரியை உப்புத்தாளால் தேய்ப்பார்கள். தேய்க்கலாம். ஆனால் புது பிளக் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வதே என் வழக்கம். அதை மாட்டிப் பார்த்தால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கார்பரேட்டர் கப்பை வடியுங்கள்

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேட்டரின் அடியில் கிண்ணம் போலத் தொங்குவதைத்தான் மெக்கானிக்குகள் கப் என்கிறார்கள். அதன் வடிகால் திருகைத் தளர்த்தி, டேப்பைத் திறந்து, வருவதைப் பிடியுங்கள். தடையில்லாமல் ஓட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் டேப்பின் உள்ளே இருக்கும் சல்லடை அடைத்திருக்கிறது.

இதை வெளிச்சத்தில், திறந்த வெளியில் செய்யுங்கள். மின்சாரம் இல்லாத நேரம் என்பதால் உதவிக்கு வரும் ஆள் கையில் மெழுகுவர்த்தியோடு வருவார். எங்கள் வீட்டிலும் வந்தார்கள். டார்ச் வெளிச்சத்தில் மட்டும் செய்யுங்கள்.

நான் சறுக்கியது இந்தப் படியில்தான். வடித்ததை எவர்சில்வர் கிண்ணத்தில் பிடித்தேன். பெட்ரோல் வாசனை வந்தது, தெளிவாகவும் இருந்தது. சரிதான் என்று முடிவுகட்டி, கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். கிளம்பவில்லை. மறுபடியும் கழற்றினேன், கழுவினேன், மாட்டினேன். இரண்டு முறை லேசாக இருமிவிட்டு அடங்கிப்போனது.

"அந்தக் கிண்ணத்தில் என்னங்க தெரியும்? பாட்டிலில் ஊற்றிப் பாருங்களேன்" என்று காலி ஊறுகாய் பாட்டிலை நீட்டியவர் என் மனைவி. டேங்கிலிருந்து கொஞ்சம் பிடித்து ஐந்து நிமிடம் அசையாமல் வைத்தோம். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தனி அடுக்கு. பாட்டிலைச் சாய்த்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு தனியாகச் சாய்ந்தது.

அது தண்ணீரும் எத்தனாலும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். கொஞ்சம் தண்ணீர் என்றால் பெட்ரோலோடு கலந்தே இருந்துவிடும். அளவு மீறினால், எத்தனாலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு டேங்கின் அடியில் போய்ப் படியும். டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியேறும் வாயும் அடியில்தானே இருக்கிறது? எஞ்சினுக்கு முதல் மிடறே அந்தத் தண்ணீர்தான். நான் கார்பரேட்டரை எத்தனை முறை கழுவினாலும், டேப்பைத் திறந்ததும் அதே தண்ணீர் மறுபடி வந்து இறங்கியது. ஜூனில் ஊற்றிய பெட்ரோல், கடற்கரை ஊர்க் காற்று, தளர்ந்த மூடி. வேறென்ன நடக்கும்?

டேங்கை முழுவதும் காலி செய்து, நூல் உதிராத துணியால் துடைத்து, மச்சானின் பைக்கிலிருந்து ஒரு லிட்டர் பெட்ரோல் எடுத்து ஊற்றினோம். கெட்டதைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். மூடிய கேனில் போட்டு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம்.

ஜெட்

டேங்க் சுத்தமான பிறகே கார்பரேட்டருக்கு வாருங்கள். கப்பைப் பிடித்திருக்கும் போல்ட்டுக்கு என் ஜெனரேட்டரில் 10 எண் ஸ்பேனர். கழற்றினால் ஃப்ளோட் என்னும் மிதவை, அதன் நடுவே செங்குத்தான துளை, அதற்குள் பித்தளை மெயின் ஜெட், அதாவது பெட்ரோல் அளவாகப் போகும் நுண்துளை கொண்ட சிறு திருகு. ஸ்க்ரூ டிரைவர் அளவு கச்சிதமாக இல்லாவிட்டால் பித்தளையின் வெட்டு சிதைந்துவிடும். பிறகு அது எடுக்கவே வராது.

ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசிமுனை அளவுக்கு வட்டமான ஒளி தெரிய வேண்டும். வட்டம் ஒரு பக்கம் மழுங்கியிருந்தாலும் அடைப்புதான். தையல் ஊசியால் குத்தாதீர்கள். துளை பெரிதானால் பெட்ரோல் கணக்கு தவறிவிடும். மின்வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்புக் கம்பி போதும். ஸ்பிரே கிளீனர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சைக்கிள் பம்பால் ஊதியதே எனக்குக் கைகொடுத்தது.

கிளம்பிய பிறகு சத்தம் ஏறி இறங்கி ஊசலாடி, சோக்கைப் பாதி மூடினால் மட்டும் சீராக ஓடினால், ஜெட் இன்னும் முழுமையாகத் திறக்கவில்லை என்று பொருள். அப்போது எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஸ்பிரிங்கைத் திருகி வேகத்தைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். இந்தச் சிறிய ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடினால்தான் 50 ஹெர்ட்ஸ் வரும். அதைக் கலைத்தால் வோல்டேஜும் சேர்ந்து கெடும், வீட்டு டிவியும் போகும்.

இப்போது நான் வேலை முடிந்ததும் டேப்பை மூடி, கப்பில் இருப்பது தீர்ந்து தானாக அணையும்வரை ஓடவிடுகிறேன். மாதங்கணக்கில் ஓட்டாமல் வைப்பதென்றால் டேங்கையும் காலி செய்துவிடுகிறேன்.

பின்சேர்க்கை: அரியாங்குப்பத்திலிருந்து ஒரு வாசகர், எல்லாவற்றையும் செய்தும் பத்து நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் கழித்து இழுத்தால் கிளம்புகிறது என்று எழுதியிருந்தார். டேங்க் மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டிப் பாருங்கள் என்றேன். நிற்காமல் ஓடியிருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் காற்று போக வேண்டும். அதற்கு மூடியில் ஒரு சின்னத் துளை உண்டு. அவருடைய மூடியில் குளவி மண் வைத்து அதை அடைத்திருந்ததாம். அங்கே மட்டும் தையல் ஊசி போதும்.