கன்னத்தில் கை வைத்தால் சோகம்தானா?

1936 மார்ச்சில், கலிபோர்னியாவின் நிப்போமோ என்ற ஊரில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டோரதியா லாங்கே எடுத்த படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். 'மைக்ரன்ட் மதர்' என்பார்கள், அதாவது பிழைப்புக்காக ஊர் ஊராகப் போகும் தாய். கன்னத்தில் விரல் பதித்து எங்கோ பார்க்கும் ஒரு பெண், மடியில் கைக்குழந்தை, இரு தோள்களிலும் முகம் புதைத்த இரண்டு பிள்ளைகள். கறுப்பு வெள்ளை ஆவணப் புகைப்படங்களைப் பார்க்கும்போது நாம் செய்கிற தவறுகளை இந்த ஒரு படத்தை வைத்தே பேசிவிடலாம்.

முதல் தவறு, நிறம் இல்லை என்றாலே துயரம் என்று எடுத்துக்கொள்வது. லாங்கே அன்று சோகத்துக்காகக் கறுப்பு வெள்ளையைத் தேடிப் போகவில்லை. செய்தித்தாளில் அச்சேற அதுதான் வழி. 1940இல் நியூ மெக்சிகோவின் பை டவுன் கிராமத்தை ரசல் லீ என்ற புகைப்படக்காரர் கறுப்பு வெள்ளையிலும் கலரிலும் எடுத்திருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கலரில் நீல வானமும் பூப்போட்ட கவுன்களும் வந்ததும், அதே எளிய வாழ்க்கை நமக்கு வேறு மாதிரித் தெரிகிறது. மாறியது ஃபிலிம் மட்டும்தான்.

அடுத்தது சைகை. கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கையைப் பார்த்ததும் 'எல்லாம் போச்சு' என்று படித்துவிடுகிறோம். கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். கன்னம் கையில் சாய்ந்திருக்கவில்லை. விரல் நுனிகள் வாயோரம் லேசாகத் தொடுகின்றன, அவ்வளவுதான். சட்டைக் கை நைந்து கிழிந்திருக்கிறது. நெற்றி சுருங்கியிருக்கிறது. அது கவலையாக இருக்கலாம், கணக்குப் போடுவதாக இருக்கலாம், வெயிலாகக்கூட இருக்கலாம். பிள்ளைகள் முகம் புதைத்திருப்பதும் அப்படித்தான். பெரிய கேமராவோடு வந்த அந்நியரைப் பார்த்து வெட்கப்படாத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது?

குறியீட்டுக்குத் தாவுவதுதான் என்னை அதிகம் வருத்துகிற தவறு. தேவாலய ஓவியங்களைப் பார்த்துப் பழகிய கண்கள் இந்தப் பெண்ணை மரியாளாகவே பார்த்தன. பொருத்தம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மாதாவாக ஆனவுடன் மனுஷி மறைந்துவிட்டார். லாங்கே அன்று அவர் பெயரைக் கேட்கவே இல்லை. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பதும், அவர் செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்தவர் என்பதும் வெளியே தெரிய 1978 ஆகிவிட்டது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று அவர் மனம் நொந்து சொன்னார். படம் வெளியான பிறகு முகாமுக்கு உணவுப் பொருட்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் குடும்பம் அங்கிருந்து கிளம்பிவிட்டிருந்தது.

படத்தோடு வரும் எழுத்தையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். சாப்பாட்டுக்காகக் கார் டயர்களை விற்றுவிட்டார்கள் என்று லாங்கே எழுதினார். விற்கவே இல்லை என்றது குடும்பம்.

பொருட்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. அதே 1936இல் தெற்கு டகோட்டாவில் ஆர்தர் ராத்ஸ்டைன் என்ற புகைப்படக்காரர் வெடித்த நிலத்தில் கிடந்த மாட்டு மண்டையோட்டை எடுத்தார். வறட்சியின் அடையாளமாக அது பரவியது. அப்புறம்தான், மண்டையோட்டைச் சில அடி நகர்த்தி வைத்து எடுத்தார் என்பது தெரிந்து பெரிய சண்டையானது. வறட்சி பொய்யல்ல. ஆனாலும் ஒரு பொருளைக் குறியீடாகப் படிக்கும் முன், அதை அங்கே வைத்தது யார் என்று கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று: ஒரே ஃபிரேமோடு நின்றுவிடாதீர்கள். அன்று லாங்கே பல படங்கள் எடுத்தார். தள்ளி நின்று எடுத்த ஒன்றில் கூடாரம் முழுசாகத் தெரிகிறது. இன்னொன்றில் பழைய டிரங்குப் பெட்டியும் அதன் மேல் ஒரு காலித் தட்டும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தால் அந்த முகம் மெல்ல மெல்ல ஒரு இடத்துக்குள் வந்து உட்காரும். பிறகு புகழ்பெற்ற படத்துக்குத் திரும்பி, வலது கீழ் மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். கூடாரக் கம்பைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரல் உறுத்துகிறது என்று 1939இல் நெகட்டிவிலேயே அழித்தார்கள். முழுசாகப் போகவில்லை. புகை மாதிரி இன்னும் இருக்கிறது.