யூபிளாக் ஆரிஜின் போன பிறகு எந்த பிரவுசர்?

எக்ஸ்டென்ஷன்களுக்கான (பிரவுசரில் சேர்க்கும் துணை நிரல்கள்) புதிய விதிமுறையான மேனிஃபெஸ்ட் வி3-க்கு குரோம் முழுதாக மாறியதும், விளம்பரம் தடுக்கும் எக்ஸ்டென்ஷனான யூபிளாக் ஆரிஜின் அதில் செயலிழந்தது. காரணம், பக்கம் இணையத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் எக்ஸ்டென்ஷனே பார்த்துத் தடுக்கும் வசதியை எடுத்துவிட்டார்கள். முன்கூட்டியே எழுதிக் கொடுத்த விதிகளை மட்டும் பிரவுசர் பார்க்கும். குரோமை விட முடியாதவர்களுக்கு, வி3-க்கு ஏற்ற எளிய வடிவமான யூபிளாக் ஆரிஜின் லைட் உண்டு. சாதாரண விளம்பரங்களுக்கு அது போதும்.

முழுத் தடுப்பு வேண்டுமா? ஃபயர்ஃபாக்ஸ்தான். அதன் ஆண்ட்ராய்டு பதிப்பிலும் யூபிளாக் ஆரிஜின் ஓடும். ஐபோன் ஃபயர்ஃபாக்ஸில் எக்ஸ்டென்ஷனே கிடையாது. எக்ஸ்டென்ஷன் எதையும் நிறுவ அலுப்பு என்றால் பிரேவ் பிரவுசர்: தடுப்பான் உள்ளேயே இருக்கிறது, வி3 அதைத் தொடாது.

மாறும் முன் பாஸ்வேர்டுகளை சிஎஸ்வி கோப்பாக எடுங்கள். புதிய பிரவுசரில் ஏற்றியதும் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள், அதில் பூட்டே இல்லை. இரண்டு தடுப்பான்களை ஒன்றாக ஓட்டாதீர்கள். ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கும். ஏதாவது தளம் உடைந்தால் அதற்கு மட்டும் தடுப்பானை நிறுத்திப் பாருங்கள்.