கழுத்து வலியும் கால் தடுமாற்றமும்: பயிற்சியில் நடக்கும் தவறுகள்

மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தால் கிறுகிறுவென்று வருகிறது. மாட்டுத்தாவணியில் பஸ் சத்தம் கேட்டுச் சட்டெனத் திரும்பினால் உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது. நாள்பட்ட கழுத்து வலிக்காரர்கள் பலர் இப்படிச் சொல்வதுண்டு. "வயசாயிருச்சுல்ல, பித்தமா இருக்கும்" என்று வீட்டில் முடித்துவிடுவார்கள். கழுத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை.

விழாமல் நிற்பதற்கு மூளை கண்ணிடமும் உட்காதிடமும் பாதத்திடமும் தகவல் வாங்குகிறது, கழுத்திடமும் வாங்குகிறது. பிடரியில், மண்டையோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கும் சின்னத் தசைகளில் உணர்வு நுனிகள் மிக நெருக்கமாக உள்ளன. தலை எந்தப் பக்கம், எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று சொல்வதில் அவற்றுக்குப் பெரிய பங்கு. அங்கே வலியும் இறுக்கமும் சேர்ந்தால் தகவல் பிசகும். கண் ஒன்று சொல்லும், கழுத்து வேறொன்று சொல்லும். மாத்திரையில் வலி அடங்கினாலும் இந்தப் பிசகு சிலருக்கு அப்படியே நிற்கும். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

பயிற்சி என்றதும் கழுத்தை முழு வட்டமாகச் சுழற்றத் தொடங்கிவிடுகிறார்கள். காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கப் போனால் யாராவது ஒருவர் இதைச் செய்துகொண்டிருப்பார். கிறுகிறுப்பு உள்ளவருக்கு இது கிறுகிறுப்பைக் கிளப்பிவிடுமே தவிர, வேறு பலன் பெரிதாக இல்லை. இதைவிட மோசம், சலூனில் தாடையைப் பிடித்து 'மடக்'கென்று நெட்டி முறிப்பது. அபூர்வமாக என்றாலும், கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதத்தில் கொண்டுபோய் விடக்கூடிய வேலை அது.

சரி, எதிலிருந்து தொடங்குவது? மல்லாந்து படுத்து, 'ஆமாம்' என்று தலையாட்டுவதுபோல மோவாயைத் தொண்டைப் பக்கம் கொஞ்சமே கொஞ்சம் இறக்கி, 10 வினாடி பிடித்து விட வேண்டும். 10 முறை. இதில் எல்லோரும் தப்பு செய்யும் இடம் ஒன்று உண்டு: தலையையே தூக்கிவிடுவார்கள். பின்மண்டை தரையை விட்டு எழவே கூடாது. கழுத்தின் பக்கவாட்டில் விரல் வைத்துப் பாருங்கள். கயிறு மாதிரி ஒரு தசை புடைத்தால் வேண்டியதைவிட அதிகமாக முயல்கிறீர்கள். உள்ளே இருக்கும் ஆழமான தசைக்கு வேலை போகவில்லை.

அடுத்தது தலையின் குறி. நெற்றியில் ஒரு பட்டை கட்டி, அதில் சின்ன லேசர் லைட்டைச் செருகி, சுவரிலிருந்து 90 செ.மீ. தள்ளி உட்கார வேண்டும். புள்ளி விழும் இடத்தைக் குறித்துக்கொண்டு, கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் திருப்பி, பழைய இடத்துக்கே வந்துவிட்டதாகத் தோன்றும்போது கண்ணைத் திறக்க வேண்டும். புள்ளி ஏறத்தாழ 7 செ.மீ.க்கு மேல் விலகியிருந்தால் கழுத்தின் கணக்கு பிசகியிருக்கிறது என்று பிசியோதெரபிஸ்டுகள் எடுத்துக்கொள்வார்கள். சோதனையும் இதுதான், பயிற்சியும் இதுதான். வேகமாகச் செய்தால் வீண். குழந்தைகள் எதிரே இருக்கும்போது லேசர் வேண்டாம், கண்ணுக்கு ஆகாது.

நீட்டிய கட்டைவிரலைப் பார்த்தபடியே தலையை மட்டும் மெதுவாக இடவலமாகத் திருப்புவதும் இதோடு சேர்ந்தது. இலேசாகக் கிறுகிறுத்துச் சற்று நேரத்தில் தெளிந்தால் பரவாயில்லை. மணிக்கணக்கில் நீடித்தால் மறுநாள் அளவைக் குறையுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிற பயிற்சி இல்லை இது.

நிற்கும் பயிற்சியில் அவசரம்தான் ஆபத்து. முதல் நாளே மொட்டை மாடியில் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்குள் சுவர் மூலையில், முன்னால் ஒரு நாற்காலியோடு தொடங்குங்கள். முதலில் பாதங்களைச் சேர்த்து நில்லுங்கள். அப்புறம் ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொன்று. அது பழகிய பிறகு கண்ணை மூடலாம், அல்லது தலையணை மேல் நிற்கலாம். இரண்டையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள். கழுத்துப் பட்டையை மாதக்கணக்கில் கழற்றாமல் இருப்பதும் தவறு, தசை சோம்பிவிடும். அடிபட்டோ ஆபரேஷனுக்குப் பிறகோ போடச் சொன்ன பட்டையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் கழற்ற வேண்டாம்.

எல்லாக் கிறுகிறுப்பையும் கழுத்தின் தலையில் கட்டுவதும் சரியில்லை. படுக்கையில் புரளும்போதோ அண்ணாந்து பார்க்கும்போதோ அறையே சில வினாடி சுழன்றால், உட்காதில் சுண்ணாம்புத் துகள் இடம் பெயர்ந்திருக்கலாம். காது டாக்டர் தலையைச் சில கோணங்களில் திருப்பியே பெரும்பாலும் சரிசெய்துவிடுவார். எழுந்து நிற்கும்போது மட்டும் வந்தால் பிரஷர் மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சட்டைப் பித்தான் போடக் கை தடுமாறுகிறது, கால் மரத்து நடை மாறுகிறது என்றால் தண்டுவடம் நெருக்கப்படுகிறதா என்று பார்க்காமல் எந்தப் பயிற்சியும் தொடங்கக் கூடாது. திடீரென்று பேச்சு குழறினாலோ, பார்ப்பது இரண்டாகத் தெரிந்தாலோ, முகம் கோணினாலோ 108-ஐ அழையுங்கள்.