கொடைக்கானல் பூம்பாறையிலிருந்து யுரேனஸின் காற்றைப் படிப்பது எப்படி?

வியாழனில் தொடங்காதீர்கள். அதன் வட்டு பெரிது. ஒளியை நிறமாலையாகப் பிரிக்கும் கீற்றணிக்கு (grating) முன்னால் குறுகிய பிளவு இல்லாவிட்டால், அந்த நிறமாலை குழைந்துபோகும். யுரேனஸோ புள்ளிபோலச் சிறியது, மீத்தேனும் தாராளம். தை, மாசியில் பூம்பாறை வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறுமுன் முடித்துவிடுங்கள்.

என் எட்டு அங்குலத் தொலைநோக்கியில், கேமராவுக்கு முன்னால் மில்லிமீட்டருக்கு 100 கோடுகள் கொண்ட கீற்றணியைத் திருகுவேன். முதலில் யுரேனஸைப் படமெடுங்கள். உடனே, ஏறக்குறைய அதே உயரத்தில் நிற்கும் சூரிய வகை விண்மீன் ஒன்றை. யுரேனஸ் எதிரொளிப்பது சூரிய ஒளியைத்தான்; அதனால் முன்னதன் நிறமாலையைப் பின்னதால் வகுத்தால் சூரியனின் கருங்கோடுகள் விலகும். 687 நானோமீட்டரில் நம் பூமிக் காற்றின் ஆக்சிஜன் இடும் கறுப்பும் அப்படியே. 619, 727 நானோமீட்டரில் மிஞ்சும் பள்ளங்கள், அதாவது ஒளி உறிஞ்சப்பட்ட இடங்கள், மீத்தேனுடையவை. 1995-இல் கிளீசே 229பி, விண்மீனாக எரிய நிறை போதாத பழுப்புக் குறுமீன்தான் என்று காட்டிக்கொடுத்ததும் இதே வாயு, அகச்சிவப்பில்.

லென்ஸில் பனி படிந்தால் துணியால் தேய்க்கவே கூடாது. ஹேர் டிரையரின் இளஞ்சூடு போதும்.