இழுபடும் சுழல் உறுதியான சுழலா?

1985-இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீரோட்டம் தூணில் மோதும்போது, கடலடித் தரையை ஒட்டி லாட வடிவில் ஒரு சுழல் எழும். அதன் இரு கைகளையும் ஓட்டம் தூணுக்குப் பின்னால் இழுத்துச் செல்லும். இழுபட இழுபட அவை மெலிந்து, வேகமாகச் சுழலும். பினாங்கில் பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகள் இதுவரை சரியாகவே சொல்வார்கள். அடுத்த வரியில்தான் சறுக்கல்: "வேகம் கூடிவிட்டது, ஆகவே சுழல் உறுதியானது."

அப்படி இல்லை. எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பது ஒரு கேள்வி. அதன்மேல் விழும் சின்ன அசைவு வளருமா, அடங்குமா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு இழுப்பின் திசையைப் பார்க்க வேண்டும். அச்சின் போக்கிலேயே இழுத்தால், அச்சு நெடுக ஓடும் அலைகளின் நீளமும் கூடிக்கொண்டே போகும். வளர்வதற்குத் தோதான நீளத்தில் அவை அதிக நேரம் தங்க முடியாது. அதனால் இந்த இழுப்பு பெரும்பாலும் சுழலுக்குத் துணை நிற்கிறது. குறுக்கே இழுத்தால் கதையே வேறு. வட்டமான ஓட்டக்கோடுகள் நீள்வட்டமாகும். பாகுநிலை, அதாவது நீர்ம அடுக்குகளுக்கு இடையிலான உராய்வு, இல்லாத ஓட்டத்தில் அந்த இழுப்பு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் முப்பரிமாண அலைகள் வளரும். பியர்ஹம்பெர்ட், பெய்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1986-இல் இதைத் தனித்தனியே காட்டினார்கள். நிஜ ஓட்டத்தில் இரண்டு இழுப்பும் கலந்தே வரும். ஒன்றை மட்டும் கணக்கில் எடுத்து முடிவு சொல்லக் கூடாது.

மெலிந்த சுழலின் மொத்தச் சுற்றோட்டமும் கூடிவிட்டது என்று எழுதுவதும் தவறு. பரப்பு பாதியானால் சுழல்வேகம் இரட்டிப்பாகும், இரண்டின் பெருக்கற்பலனான சுற்றோட்டம் மாறாது.

அப்புறம், சுழல் முடிவில்லாமல் மெலிந்துகொண்டே போகும் என்ற எண்ணம். பாகுநிலை அதை விடாது. இழுப்பு உள்ளே குவிக்க, பாகுநிலை வெளியே பரப்ப, இரண்டும் சமமாகும் தடிமனில் சுழல் நின்றுவிடும். டச்சு இயற்பியலர் பர்கர்ஸ் 1948-இல் தந்த தீர்வு இதுதான். தண்ணீரில் இழுப்பு வீதம் நொடிக்கு 1 என்றால், சுழலின் நடுப்பகுதியான கருவின் ஆரம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்.

எனக்கு மிகவும் கவலை தருவது ஓட்டத்தை ஒரே தளத்தில் மட்டும் கணினியில் கணிக்கும் இருபரிமாணக் கணிப்பு. மடிக்கணினியில் சீக்கிரம் ஓடுகிறது, வண்ணப்படம் அழகாக வருகிறது, சுழலும் உடையாமல் நிற்கிறது. நிற்கத்தானே செய்யும்? தளத்துக்குச் செங்குத்தாக நிற்கும் அச்சை அந்தத் தளத்துக்குள் ஓடும் நீர் நீட்டவே முடியாது. நீள்வட்டச் சுழலை உடைக்கும் அலைகளுக்கும் அங்கே இடமில்லை. அந்தப் படத்தை வைத்துத் தூணடி மண்ணரிப்பைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள். முப்பரிமாணத்தில் ஓட்டுங்கள், கணிப்புக்காக ஓட்டத்தைப் பிரிக்கும் வலைக்கண்ணி சுழலின் கருவைவிடப் பல மடங்கு சிறியதா என்றும் பாருங்கள்.