முடிவை மட்டும் ஒலிபரப்பாதீர்கள்: தத்துவ பாட்காஸ்ட் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தத்துவத்தைப் பொதுக் கேட்பாளர்களிடம் கொண்டுசேர்க்கும் நோக்கத்தோடு பாட்காஸ்ட் தொடங்கும் இளைஞர்கள் சிலர், தங்கள் முதல் பதிவுகளை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பதுண்டு. அவற்றைக் கேட்கும்போதெல்லாம், இத்துறையில் முன்னரே இறங்கியவர்கள் செய்து வருந்திய பிழைகள் அப்படியே மீண்டும் நிகழ்வதைக் காண்கிறேன். ஒலிவாங்கியின் தரம், அறையின் எதிரொலி, வாரந்தவறாமல் வெளியிடுதல் ஆகியவை குறித்துப் பலரும் போதிய அளவு சொல்லிவிட்டார்கள். தத்துவம் என்னும் பொருளுக்கே உரிய தவறுகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

## தேலீஸிலிருந்து தொடங்குவது

முதல் பதிவில் தேலீஸ், இரண்டாவதில் அனாக்ஸிமாண்டர் என்று கிரேக்கத்தின் தொடக்கத்திலிருந்து கால வரிசைப்படி புறப்படுகிற நிகழ்ச்சிகளில் பல, சாக்ரடீஸை எட்டுவதற்கு முன்பே நின்றுவிடுகின்றன. பீட்டர் ஆடம்சன் தம் பாட்காஸ்டில் 2010 முதல் இந்த வழியில்தான் செல்கிறார் என்று சிலர் எனக்கு நினைவூட்டுவார்கள். அவர் தத்துவ வரலாற்றை ஆய்வதையே தொழிலாகக் கொண்டவர். பெரிய பெயர்களுக்கு இடையில் உள்ள சிறிய பெயர்களையும் விடாமல் சொல்வதே அவருடைய திட்டம். அந்தத் திட்டமும் அதற்கான படிப்பும் இல்லாதவர்கள் அவருடைய வரிசையை மட்டும் எடுத்துக்கொள்வதில் பயனில்லை. டேவிட் எட்மண்ட்ஸும் நைஜல் வார்பர்ட்டனும் 2007இல் தொடங்கிய நேர்காணல் நிகழ்ச்சி வேறொரு வழியைக் காட்டியது. ஒரு விருந்தினர், ஒரு கேள்வி, ஏறத்தாழ கால் மணி நேரம் என்பதே அதன் அமைப்பு. புதியவர்களுக்கு இதுவே ஏற்றது. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டால், அதற்கான வாதத்தை முழுமையாகச் சொல்ல இடம் கிடைக்கும்.

## வாதத்தை நீக்கிவிட்டு முடிவை மட்டும் கொடுப்பது

மற்ற தவறுகளை என்னால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. இதைக் கேட்கும்போது இன்றும் எனக்குச் சினம் வருகிறது. ஒரு தத்துவவாதி எந்த முடிவுக்கு வந்தார் என்பதை அழகிய வாக்கியமாக்கி, பின்னணியில் மெல்லிசை சேர்த்துக் கொடுத்துவிட்டு, அந்த முடிவுக்கு அவர் எவ்வாறு வந்துசேர்ந்தார் என்பதை மட்டும் ‘சாதாரண மக்களுக்குப் புரியாது’ என்று வெட்டி எறிந்துவிடுகிறார்கள். செய்முறை இல்லாத கணக்கின் விடையைப் போன்றது அது. கேட்பவர் அதை நம்பலாம் அல்லது நம்பாமல் விடலாம். எந்தப் படியில் உடன்படுகிறோம், எந்தப் படியில் மறுக்கிறோம் என்று பார்ப்பதற்கு அதில் எந்தப் பிடியும் இருப்பதில்லை.

எனக்குத் தெரிந்த இளம் தயாரிப்பாளர் ஒருவர், மரணத்தைப் பற்றி ஒரு பேராசிரியருடன் நீண்ட உரையாடல் ஒன்றைப் பதிவு செய்தார். முதல் பாதியில் பேராசிரியர் பண்டைக் கிரேக்கத் தத்துவவாதி எபிகூரஸின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்தார். நன்மையும் தீமையும் உணர்வைச் சார்ந்தவை. மரணமோ உணர்வின் இன்மை. நாம் இருக்கும்வரை மரணம் வருவதில்லை, மரணம் வந்தபின் நாம் இருப்பதில்லை. ஆகவே மரணம் நமக்குத் தீமையாக இருக்க முடியாது. இரண்டாம் பாதியில் அவர் இந்த வாதத்தின் முதற்படியையே கேள்விக்கு உட்படுத்தினார். அதற்குத் தத்துவவாதி தாமஸ் நேகல் 1970இல் முன்வைத்த எடுத்துக்காட்டைப் பயன்படுத்திக்கொண்டார். அறிவுத்திறன் மிக்க ஒருவர் மூளையில் ஏற்பட்ட காயத்தால், நிறைவோடு இருக்கும் ஒரு குழந்தையின் மனநிலைக்குத் தாழ்ந்துவிடுகிறார். அவருக்கு வலி இல்லை; தாம் எதையோ இழந்துவிட்டோம் என்ற உணர்வும் இல்லை. ஆயினும் அவருக்குப் பெருந்தீங்கு நேர்ந்துவிட்டது என்றே நாம் கருதுகிறோம். உணரப்படாத இழப்பும் தீங்காக இருக்கலாம் என்றால், வாழ்ந்திருக்கக்கூடிய வாழ்வைப் பறிக்கும் மரணமும் தீங்காக இருக்கலாம்.

தொகுப்பின்போது இரண்டாம் பாதி ‘கடினமாக இருக்கிறது’ என்று ஏறக்குறைய முழுவதும் நீக்கப்பட்டது. முதல் பாதியிலும் படிகள் போய், மேற்கோளுக்கு உகந்த வரிகள் மட்டும் எஞ்சின. ‘மரணத்துக்கு அஞ்சத் தேவையில்லை’ என்ற தலைப்பில், பேராசிரியரின் குரலிலேயே, அவர் மறுத்த கருத்து அவருடைய கருத்தாக வெளிவந்தது. அண்மையில் மகனை இழந்திருந்த ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, தம் மகனுக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை என்று எந்த உரிமையில் சொல்கிறீர்கள் என்று பேராசிரியருக்கே எழுதினார். பேராசிரியர் பதிவை நீக்கும்படி கேட்டுக்கொண்டார், அது நீக்கப்பட்டது. அவர் வழியாக வர இருந்த மற்ற அறிஞர்களும் ஒவ்வொருவராக விலகிக்கொண்டார்கள். அந்தத் தந்தை எழுப்பிய கேள்வியும் இரண்டாம் பாதியில் பேராசிரியர் எழுப்பிய கேள்வியும் ஒன்றே என்பதுதான் என்னால் ஆற்றிக்கொள்ள முடியாத செய்தி. யாருக்குப் புரியாது என்று எண்ணி அந்தப் பகுதியை வெட்டினார்களோ, அவர் அதைத் தாமாகவே சிந்தித்து வைத்திருந்தார்.

இதே தவறு வேறொரு வடிவத்திலும் வருகிறது. தடம் மாறும் டிராம் வண்டியின் கதையைச் சொல்லாத தத்துவ நிகழ்ச்சி அரிது. வண்டி நேராகச் சென்றால் ஐவர் இறப்பார்கள், வேறு தடத்தில் திருப்பினால் ஒருவர் இறப்பார், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டு, வாக்கெடுப்பு நடத்தி, அத்துடன் முடித்துவிடுகிறார்கள். தத்துவவாதி பிலிப்பா ஃபுட் 1967இல் இந்தக் கதையை வாக்கெடுப்புக்காக எழுதவில்லை. அதன் அருகில் இன்னொரு கதையையும் அவர் வைத்தார். குற்றவாளியைத் தண்டிக்காவிட்டால் பழிவாங்குவோம் என்று ஒரு கலகக் கும்பல் மிரட்டுகிறது. குற்றமற்ற ஒருவரைத் தூக்கிலிட்டால் பலரை நீதிபதி காப்பாற்ற முடியும். இரண்டு கதைகளிலும் பலருக்கு எதிராக ஒருவர் என்பதே கணக்கு. அப்படியிருக்க, ஓட்டுநர் வண்டியைத் திருப்பலாம் என்றும் நீதிபதி அவ்வாறு செய்யக் கூடாது என்றும் நாம் ஏன் எண்ணுகிறோம்? ஓட்டுநர் எந்தப் பக்கம் போனாலும் கொல்கிறார், நீதிபதியோ காப்பாற்றுவதற்காகக் கொல்கிறார், தீங்கு செய்யாதிருக்கும் கடமை உதவி செய்யும் கடமையைவிட வலியது என்பது ஃபுட் தந்த விளக்கம். ஜூடித் ஜார்விஸ் தாம்சன் 1985இல் ஓட்டுநரை விலக்கிவிட்டு, தடம் மாற்றும் விசையின் அருகில் தற்செயலாக நிற்கும் ஒருவரை அங்கே வைத்தார். அவர் சும்மா நின்றால் யாரையும் கொன்றவராக மாட்டார்; ஆயினும் அவர் விசையைத் திருப்பலாம் என்றே பலருக்கும் தோன்றுகிறது. அப்படியானால் ஃபுட்டின் விளக்கம் போதவில்லை. சுவை முழுவதும் இந்த நகர்வில்தான் இருக்கிறது. கதையை மட்டும் சொல்லி நிறுத்துபவர்கள், தொடங்குகிற இடத்திலேயே முடித்துவிடுகிறார்கள்.

பொன்மொழிகளை மட்டும் தரும் நிகழ்ச்சிக்குக் கேட்பாளர்கள் விரைவில் சேர்வார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அவர்கள் ஆறுதலையும் ஊக்கத்தையும் தேடி வந்தவர்கள். பின்னர் ஒருநாள் நீங்கள் உண்மையான வாதம் ஒன்றை முன்வைத்தால், தங்களுக்குத் தரப்பட்ட வாக்குறுதி மீறப்பட்டதாக உணர்ந்து போய்விடுவார்கள். வாதத்தைத் தேடி வரக்கூடியவர்களோ உங்கள் பழைய பதிவுகளைக் கேட்டுவிட்டு முன்பே போயிருப்பார்கள்.

பதிவுக்கு முன்னரே வாதத்தை ஒரு தாளில் படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் ஒரு வாக்கியமாக எழுதிவிடுங்கள். இத்துறையில் பழக்கமில்லாத ஒருவரிடம் அதைக் காட்டி, எந்தப் படியை ஏற்க மனம் தயங்குகிறது என்று கேளுங்கள். அவர் தயங்கும் படியில்தான் பதிவின் பெரும்பகுதி செலவாக வேண்டும். தொகுக்கும்போதும் அந்தத் தாள் கையில் இருக்கட்டும். ஒரு வாக்கியத்தை நீக்குவதற்கு முன், அது எந்தப் படியைத் தாங்கி நிற்கிறது என்று பாருங்கள்.

## காதுக்கும் கண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை மறப்பது

படிப்பவர் குழம்பினால் முந்தைய பத்திக்குத் திரும்புவார். கேட்பவர் நடந்துகொண்டோ வேலை செய்துகொண்டோ இருப்பார். ஒரு படியைத் தவறவிட்டால் அடுத்த படியும் அவருக்குப் போய்விடும். எட்மண்ட் கெட்டியர் 1963இல் எழுதிய மூன்று பக்கக் கட்டுரை, நியாயமான காரணத்தோடு கொண்ட உண்மையான நம்பிக்கையும் அறிவு ஆகாமல் போகலாம் என்று காட்டியது. அதன் முதல் எடுத்துக்காட்டில் ஒரே வேலைக்கு விண்ணப்பித்த இருவரும், ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் பத்து நாணயங்களும் வருகின்றன. எவருக்கு வேலை கிடைத்தது, எவருடைய நாணயங்களை எவர் அறிந்திருந்தார் என்பதைக் காதால் பின்தொடர்வது மிகக் கடினம். பெர்ட்ரண்ட் ரஸல் 1948இல் தந்த எடுத்துக்காட்டில் ஒரே ஒருவர் இருக்கிறார். நின்றுபோன கடிகாரத்தை அது ஓடுவதாக எண்ணிப் பார்க்கிறார். தற்செயலாக அது காட்டும் நேரமே சரியான நேரமாக இருக்கிறது. அவர் நேரத்தை அறிந்தாரா? ஒரு மனிதர், ஒரு பொருள், ஒரு கேள்வி. புகழ் பெற்ற எடுத்துக்காட்டைவிடக் காதில் நிற்கும் எடுத்துக்காட்டையே தேர்ந்தெடுங்கள். புதிய படிக்கு நகரும் முன் முந்தைய படியை ஒரு வாக்கியத்தில் மீண்டும் சொல்லுங்கள். எழுத்தில் குறையாகத் தோன்றும் இந்தத் திரும்பச் சொல்லல் பேச்சுக்கு இன்றியமையாதது.

## வாழ்க்கை வரலாற்றில் நேரத்தைக் கழிப்பது

வாதத்தைப் புரிந்துகொள்ள உதவாத வாழ்க்கைச் செய்தியை விட்டுவிடுங்கள்.

## எதிர்க்கருத்தை வலுவிழக்கச் செய்து சொல்வது

எதிராளியை அறிவற்றவர் போலக் காட்டினால் வெற்றி எளிதாகிவிடும். கேட்பாளர் எதையும் கற்றுக்கொள்ளமாட்டார். டெக்கார்ட் தம் ‘தியானங்கள்’ என்னும் நூலை 1641இல் வெளியிட்டபோது, பிறர் எழுதிய மறுப்புகளின் ஆறு தொகுதிகளையும் அவற்றுக்குத் தாம் தந்த விடைகளையும் அதே நூலில் சேர்த்தே அச்சிட்டார். பிறர்தம் மதம் மேற்கொண்டு களைதலை, அதாவது பிறருடைய கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர் மறுத்தலை, நம் இலக்கண நூலாரும் நூலாசிரியருக்குரிய எழுவகை மதங்களுள் (கொள்கைகளுள்) ஒன்றாக வைத்தார்கள். களைவதற்கு முன் மேற்கொள்ள வேண்டும் என்பதைக் கவனியுங்கள். எதிர்க்கருத்து உடையவர் உங்கள் பதிவைக் கேட்டால், தம் கருத்து சரியாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்று அவர் ஒப்புக்கொள்ளும் அளவுக்கு நீங்கள் அதை மேற்கொண்டிருக்க வேண்டும்.

## கலைச்சொற்களை அடுக்குவது

ஒரு பதிவுக்கு இரண்டு போதும்.

## ‘எல்லாம் அவரவர் பார்வை’ என்று முடிப்பது

எந்தப் படியில் பார்வைகள் பிரிகின்றன என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

## அறிஞரை அழைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது

விருந்தினர் மீதுள்ள மரியாதையால் குறுக்கிடத் தயங்குகிறார்கள். அறிஞர் தம் மாணவர்களிடம் பேசுவதைப் போலப் பேசிக்கொண்டே போகிறார். தொகுப்பாளர் ‘மிகவும் அருமை’ என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். பிரையன் மேகி 1978இல் பிபிசி தொலைக்காட்சியில் நடத்திய தத்துவ உரையாடல்களை இதற்குப் பாடமாகக் கொள்ளலாம். விருந்தினர் சொன்னதை அவர் தம் சொற்களில் தொகுத்துச் சொல்லி, அதன் பின்னரே மேலே செல்வார். அவ்வாறு தொகுப்பதற்கு, விருந்தினரின் வாதத்தை நீங்கள் முன்பே படித்துப் படிகளாக எழுதி வைத்திருக்க வேண்டும். உங்கள் தொகுப்பைக் கேட்டுவிட்டு, ‘இல்லை, நான் அவ்வாறு சொல்லவில்லை’ என்று அவர் திருத்தினால், அந்தத் திருத்தத்தை வெட்டிவிடாதீர்கள். நீங்கள் தவறாகப் புரிந்துகொண்ட அதே இடத்தில் கேட்பாளர்களில் பலரும் தவறாகவே புரிந்துகொண்டிருப்பார்கள்.