கீர்த்தனைய மியூஸ்ஸ்கோர்ல அடிக்கும்போது ஷார்ப், ஃப்ளாட்ட எப்படி போடுதது

பாளையங்கோட்டை பக்கம் கொயர்ல இப்ப நெறைய பேரு மியூஸ்ஸ்கோர்ல (நொட்டேஷன் அடிக்குத சாஃப்ட்வேர்) அடிச்சு பிரிண்ட் எடுத்துட்டு வாராங்க, சந்தோஷமான விஷயம், ஆனா ஷார்ப்பும் (அரை சுரம் ஏத்துத குறி) ஃப்ளாட்டும் (அரை சுரம் எறக்குத குறி) எடம் மாறிக் கெடக்கு. ப்ளே பண்ணா சரியாத்தான் கேக்கும், அதனால அடிச்ச அண்ணாச்சிக்கு தப்பே தெரியாது, பேப்பரப் பாத்து பாடுதவங்கதான் முழிப்பாங்க.

மாயாமாளவகௌளை ராகத்த எடுத்துக்கோங்க, 15வது மேளம் (தாய் ராகம்). ஸ சி-ல வச்சா ரி வந்து டி ஃப்ளாட், த வந்து ஏ ஃப்ளாட். கீபோர்டுல சி ஷார்ப்பும் அதே கருப்புக் கட்டைதான், ஆனா ஒரு பார்ல (ரெண்டு நெட்டுக் கோட்டுக்கு நடுவுல உள்ள பகுதி) "ஸ ரி ஸ ரி"ன்னு வருதுன்னு வைங்க, டி ஃப்ளாட்டா எழுதுனா மொத ரி-க்கு ஒரே ஒரு ஃப்ளாட் போதும், அடுத்த ரி-க்கும் அதுவே செல்லும். சி ஷார்ப்பா எழுதுனா ஷார்ப், நேச்சுரல் (ஷார்ப், ஃப்ளாட்ட ரத்து பண்ணுத குறி), மறுபடி ஷார்ப்னு மூணு குறி, நாலு நோட்டும் ஒரே எடத்துல, பாடுதவங்களுக்கு ஏறுதா எறங்குதான்னே தெரியாது.

அதனால கம்ப்யூட்டர் கீபோர்டுல 'N' எழுத்த அழுத்திட்டு மைனஸ் தட்டி அப்புறம் டி அடிங்க, ஃப்ளாட்டோட வந்துரும். ஷார்ப்புக்கு ப்ளஸ், நேச்சுரலுக்கு ஈக்வல். ஏற்கெனவே தப்பா விழுந்த நோட்ட செலக்ட் பண்ணி ஜே அழுத்துனா பேரு மட்டும் மாறும், சத்தம் மாறாது. டூல்ஸ்ல மொத்தமா மாத்துத வசதியும் இருக்கு, ஆனா ராகம் என்னன்னு அதுக்குத் தெரியாதுல்லா, நான் ஒவ்வொண்ணா ஜே போட்டுத்தான் பாப்பேன்.

கீ சிக்னேச்சர்னா வரி ஆரம்பத்துலயே மொத்தமா போடுத ஷார்ப், ஃப்ளாட். ஸ சி-ல வச்சா கல்யாணிக்கு ஒரு ஷார்ப், அரிகாம்போஜிக்கு ஒரு ஃப்ளாட், நேரா பொருந்தும். மாயாமாளவகௌளைக்கு பொருந்துறது கெடையாது, முன்னால ரெண்டு ஃப்ளாட் பாத்தா பழகுனவங்க பி, ஈ-ன்னுதான் எடுத்துக்குவாங்க. அத காலியா விட்டுட்டு நோட்டு பக்கத்துலயே ஃப்ளாட் போடுங்க.

பார் கோடு தாண்டுனா ஷார்ப் செல்லாது, டை (அதே நோட்ட அடுத்த பாருக்கு நீட்டுத வளைகோடு) போட்ட நோட்டுக்கு மட்டும் செல்லும். வேற ஸ்தாயியில அதே நோட்டு வந்தா தனியா போடணும், அத சாஃப்ட்வேரே பாத்துக்கிடும். ஆனா மனுசங்களுக்கு காதுல நிக்கும்லா. போன கிறிஸ்மஸ் ப்ராக்டீஸ்ல ஒரு பார்ல எஃப் ஷார்ப், அடுத்த பார்ல சாதா எஃப், நான் அடிச்சது விதிப்படி சரிதான், ஆனா ஆல்டோ அக்காமார் அத்தன பேரும் ஷார்ப்பாவே இழுத்துட்டாங்க, டெனரோட முட்டி மூணு தடவ நிறுத்துனோம். இந்த மாதிரி எடத்துல நோட்ட செலக்ட் பண்ணி ஆக்சிடென்டல்ஸ் பேலட்ல நேச்சுரல தட்டுங்க, அங்கனயே உள்ள அடைப்புக்குறியவும் தட்டுங்க. நெனவூட்டத்தான் போட்டுருக்குன்னு பாத்ததும் புரியும்.

குறி கூட்டமா இருக்குன்னு வி அழுத்தி மட்டும் மறைச்சிராதீங்க, ப்ளேல கேக்கும், பேப்பர்ல இருக்காது.